விற்கிற பக்கம் நின்றவன்

"வாங்கறதுக்கு இன்னாத்துக்குடா படிப்பு? சந்தைக்குப் போறவன்லாம் படிச்சிட்டா போறான்?"

2006ஆம் ஆண்டு. தபால்காரர் போட்டுவிட்டுப் போன பழுப்புப் பார்சலைத் திண்ணையில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கோணி ஊசியில் சணல் கோத்துக் கிழிந்த சாக்குகளைத் தைத்துக்கொண்டிருந்தார். பார்சலுக்குள் ஐந்து புத்தகங்கள். இந்தியன் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெட்டீரியல்ஸ் மேனேஜ்மெண்ட் அஞ்சல் வழியில் நடத்தும் டிப்ளமோவுக்குப் பணம் கட்டியிருந்தேன். கொள்முதல், சரக்கிருப்பு, கிடங்கு, போக்குவரத்து, இறக்குமதி எல்லாம் அதில் பாடம். அப்பாவுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. "கம்பெனியில வாங்கறது வேறப்பா" என்றேன். அவர் சாக்கைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "ஏமாத்தறதுக்கும் சொல்லித் தர்றாங்களா?" என்றார். அப்போது சிரித்தேன். அந்தக் கேள்வி மூன்று வருடம் கழித்துத் தேர்வு அறையில் என் எதிரில் வந்து உட்காரும் என்று தெரியாது.

உத்திரமேரூரைச் சுற்றியுள்ள ஊர்களில் அன்று என் வயசுப் பையன்களுக்கு இரண்டே வழி. ஒன்று ஏரிப் பாசனத்தில் நெல். இன்னொன்று விடியுமுன் வரும் கம்பெனி பஸ். இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்யத் தொடங்கியதும் அதைச் சுற்றி உதிரிபாகக் கம்பெனிகள் முளைத்தன. பின்னால் ஒரகடமும் அப்படியே நிரம்பியது. மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்த நான் 2001இல் அப்படி ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸில் சேர்ந்தேன். முதல் ஷிப்டுக்கு நாலே முக்கால் பஸ். வாலாஜாபாத் வரைக்கும் எல்லாரும் தூங்குவார்கள். பார்சல் வந்த பிறகு நான் டிரைவர் தலைக்கு மேல் எரியும் சிறிய விளக்கின் கீழ் சீட்டுப் பிடித்துப் படித்தேன். மூன்று வருடப் படிப்பில் முக்கால்வாசி அந்த விளக்கில்தான். மீதி, ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையில் நடந்த நேர்முக வகுப்பில்.

ஸ்டோர்ஸ் வேலையைக் கேவலமாகப் பார்ப்பவர்கள் உண்டு. நான் இன்றும் சொல்வேன், பர்ச்சேஸ் படிக்க நினைக்கிறவன் இரண்டு வருடமாவது ஸ்டோர்ஸில் சாமான் எண்ணிவிட்டு வரவேண்டும். ஒவ்வொரு தட்டிலும் ஒரு பின் கார்டு தொங்கும். வந்தது, போனது, மீதி. கார்டில் 340, தட்டில் 312 என்றால் அந்த 28 எங்கே என்று கண்டுபிடிக்கும்வரை வீட்டுக்குப் போக முடியாது. பி.ஓ. என்ற கொள்முதல் ஆணை ஒரு எண்ணிக்கை சொல்லும், சப்ளையர் பில் ஒரு எண்ணிக்கை சொல்லும், நாங்கள் எண்ணி எழுதும் ஜி.ஆர்.என். என்ற வரவுச் சீட்டு ஒரு எண்ணிக்கை சொல்லும். மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போகும். உலகம் முழுக்க இந்தத் தொழிலின் அஸ்திவாரம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதன் மேல் கட்டிய மாடி.

முதலில் வந்ததை முதலில் கொடு என்ற பாடம் வீட்டிலேயே தெரிந்த ஒன்று. ஆனால் வீட்டில் அதற்கு விலக்கும் உண்டு. பழைய அரிசிக்கு மதிப்பு கூடும், ரப்பர் ஓ-ரிங்குக்குக் குறையும். அம்மா மாசி, பங்குனியில் வருஷத்துக்குப் புளி வாங்கி, கொட்டை எடுத்து, உப்புப் போட்டுப் பானையில் அடைத்துவிடுவாள். வகுப்பில் டொயோட்டாவின் டாயிச்சி ஓனோவைப் பற்றி, தேவைப்படும்போது தேவையான அளவு மட்டும் வரவழைப்பது பற்றி, சொல்லிக் கொடுத்தபோது அம்மாவின் புளிப்பானை நினைவுக்கு வந்தது. அம்மா தப்பா, ஓனோ தப்பா? இரண்டு பேருமே தப்பில்லை. புளி வருஷத்துக்கு ஒருமுறை காய்க்கும். கார் கதவுக் கைப்பிடி தினமும் காய்க்கும். இதைப் புரிந்துகொள்ளாமல் எல்லாவற்றையும் அன்றன்றைக்கு வரவழைக்கப் பார்த்த கம்பெனிகள் 2015 டிசம்பர் வெள்ளத்தில் லாரி வராமல் கையைப் பிசைந்தன. 2021இல் சிப் கிடைக்காமல் உலகம் முழுக்கப் பாதி கட்டிய கார்கள் வரிசையாக நின்றன.

சரக்கை மூன்றாகப் பிரிக்கும் ஏ.பி.சி. கணக்கும் அப்படித்தான். பணத்தில் பெரும்பகுதியைத் தின்னும் சில சாமான்கள் ஏ. எண்ணிக்கையில் குவிந்து கிடந்து காசில் ஒன்றுமில்லாதவை சி. ஏ-வைக் கண்ணில் எண்ணெய் விட்டுப் பார், சி-யைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் போட்டுவிட்டு மற, என்பது பாடம். நான் மறந்தேன். ஒரு மார்ச் மாத இரவு, அறுபது பைசா வாஷர் தீர்ந்து லைன் நின்றுவிட்டது. ஷிப்டு இன்சார்ஜ் என்னைத் திட்டியதை இங்கே அச்சிட முடியாது. விடியற்காலை மூன்று மணிக்கு சப்ளையரின் தம்பி டி.வி.எஸ். 50-இல் ஒரு மஞ்சள் பையில் வாஷர் கொண்டுவந்து கொடுத்தான். அந்தப் பையை ரொம்ப நாள் என் அலமாரியில் வைத்திருந்தேன்.

ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்கினால் செலவு குறைவு என்று சொல்லும் சூத்திரத்தையும் மனப்பாடம் செய்தேன். ஃபோர்டு ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1913இல் எழுதியது. வர்க்கமூலம் எல்லாம் போட்டு 1,870 வாஷர் என்று விடை வரும். சப்ளையரைக் கேட்டால், "பத்தாயிரத்துக்குக் கொறஞ்சா டை ஏத்த மாட்டேன் சார்" என்பார். கதை முடிந்தது. தேர்வில் மட்டும் முழு மதிப்பெண்.

இனி அப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

பீட்டர் கிராலிஜிக் என்பவர் 1983இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் ஒரு கட்டுரை எழுதினார். இன்றுவரை கொள்முதல் படிக்கிற எவரும் அதைத் தாண்டிப் போக முடியாது. வாங்கும் பொருள்களை நாலு கட்டத்தில் போடு என்கிறார். கிடைப்பது கடினமா எளிதா என்பது ஒரு பக்கம், நம் லாபத்தை எவ்வளவு பாதிக்கும் என்பது இன்னொரு பக்கம். இதில் ஒரு கட்டத்துக்கு லெவரேஜ் என்று பெயர். பணம் பெரிது, விற்பவர்களோ நிறையப் பேர். இவன் இல்லாவிட்டால் அவன். அந்தக் கட்டத்தில் நின்றால் உன் பலத்தைக் காட்டு, விலையை அடி, ஒருவரோடு ஒருவரைப் போட்டியிட வை. பாடம் அப்படித்தான் சொல்கிறது.

வகுப்பெடுத்தவர் ஓய்வு பெற்ற பர்ச்சேஸ் மேனேஜர். "எக்சாம்பிள் சொல்லுங்க" என்றார். ஒருவர் அட்டைப்பெட்டி என்றார். ஒருவர் போல்ட்டு நட்டு என்றார். நான் வாய் திறக்கவில்லை. எனக்கு நெல்தான் தோன்றியது.

சிறுவயதில் நவரை அறுப்பு முடிந்ததும் எங்கள் களத்துக்கு ஒரு வியாபாரி வருவார். அவர் தராசு, அவர் படிக்கல், அவர் ஆள். 75 கிலோ மூட்டை. சாக்குக்கு ஒரு கிலோ, தூசிக்கு ஒரு கிலோ என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்துக்கொண்டுதான் கணக்கு எழுதுவார். நாற்பது மூட்டைக்கு 80 கிலோ, அதாவது ஒரு மூட்டைக்கும் மேலே. தூசி அவ்வளவு இருந்ததா என்று யாரும் தூற்றிப் பார்த்ததில்லை. பணம் பாதி கையில், பாதி "வர்ற மாசம்". அப்பா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பேசாமல் நிற்பார். நடவுக்கு அவரிடம்தான் முன்பணம் வாங்கியிருந்தோம். ஊரில் நூறு பேரிடம் நெல் இருந்தது, வாங்குபவர் ஒருவர். கிராலிஜிக்கின் அந்தக் கட்டத்தில் விற்பவனாக நின்றவர் என் அப்பா.

மூன்றாம் ஆண்டுத் தேர்வில் அதே கேள்வி வந்தது. லெவரேஜ் பொருள்களுக்கான கொள்முதல் உத்தியை விவரி, பத்து மதிப்பெண். எழுதினேன். போட்டி விலைப்புள்ளி, அளவைக் கூட்டி விலையைக் குறைத்தல், கடன் தவணையை நீட்டுதல். ஒவ்வொரு வரிக்கும் திண்ணையிலிருந்து கேட்ட குரல் கூடவே வந்தது. நல்ல மதிப்பெண்தான் கிடைத்தது.

அந்த வியாபாரியின் தராசுக்கு மாற்றாக வந்ததுதான் நேரடி நெல் கொள்முதல் நிலையம். அதை நடத்தும் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் 1972இல் தொடங்கப்பட்டது. அதன் நிலையங்களில் நெல்லுக்கு என்ன தரம் வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள். மண், கல் 1 சதவீதத்துக்குள். பதர், வைக்கோல் 1 சதவீதத்துக்குள். சுருங்கிய, முற்றாத மணி 3 சதவீதத்துக்குள். 40 கிலோ மூட்டை. படித்த பிறகு இந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு மரியாதை வந்தது. இது ஒரு முறையான கொள்முதல் விவரக்குறிப்பு. எதை வாங்குவேன், எதைத் திருப்புவேன் என்று வாங்குபவன் முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டால், அப்புறம் களத்தில் நின்று "தூசிக்கு ரெண்டு கிலோ" என்று வாய்க்கு வந்ததைச் சொல்ல முடியாது. விலையும் அப்படியே முன்கூட்டித் தெரியும். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். சன்ன ரகம் ஒரு மூட்டை 1,018 ரூபாய் என்று விவசாயி களத்திலேயே கணக்குப் போடலாம்.

ஆனால் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. வெளிநாட்டு வணிகத்தில் இன்கோடெர்ம்ஸ் என்று விதிகள் இருக்கின்றன. பாரிஸிலுள்ள சர்வதேச வணிகச் சபை 1936இல் முதன்முதலாக வெளியிட்டது. சரக்கு எந்த இடத்தில் கைமாறுகிறது, எந்த இடம்வரை நஷ்டம் விற்பவன் தலையில், எந்த இடத்திலிருந்து வாங்குபவன் தலையில் என்பதை மூன்றெழுத்தில் சொல்லிவிடும். களத்துக்கே வந்து அள்ளிக்கொண்டு போன வியாபாரி எங்களிடம் வாங்கியது 'எக்ஸ் ஒர்க்ஸ்' முறை. களத்தைத் தாண்டியதும் மழையோ வெயிலோ அவர் பாடு. கொள்முதல் நிலையத்துக்கு டிராக்டரில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வரிசையில் காத்திருக்கும் நெல்? தராசில் ஏறி எடை போடும் நிமிடம்வரை அது விவசாயியின் சரக்கு. கோடை மழை நாலு தூறல் போட்டால் 16 இருந்த ஈரப்பதம் 20 ஆகிவிடும், திரும்ப உலர்த்த வேண்டும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் பங்குனி, சித்திரையில் மேகம் கறுத்தால் ஆண் பெண் அத்தனை பேரும் தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். எடை போடும் நாளைக் குறித்து ஒரு டோக்கன் கொடுத்து, அந்த நாளைத் தவறாமல் காப்பாற்றினால் இந்த ஓட்டம் பாதி குறையும். காத்திருப்பும் ஒரு செலவு என்று சரக்கிருப்புப் பாடத்தின் முதல் அத்தியாயமே சொல்கிறது. அந்தச் செலவை யார் தாங்குகிறார்கள் என்பதுதான் கேள்வி.

இப்படியெல்லாம் பேசுகிற நான் என்ன செய்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். டிப்ளமோ முடிந்ததும் ஸ்டோர்ஸிலிருந்து பர்ச்சேஸுக்கு மாற்றினார்கள். மேசை, போன், ஏசி. எனக்கு ரப்பர் பாகங்கள் ஒதுக்கப்பட்டன. சிறிய பட்டறை வைத்திருந்த ஒருவர், நாலு பிரஸ், ஆறு ஆள். வருஷா வருஷம் மூன்று சதவீதம் விலையைக் குறைக்கச் சொல்வது அப்போது கார் உலகில் வழக்கம். குறைத்தார். அடுத்த வருஷமும் குறைத்தார். 45 நாள் தவணையை 90 ஆக்கச் சொன்னார்கள், ஆக்கினேன். அந்த வருஷம் நான் மிச்சம் பிடித்ததற்குப் பாராட்டுச் சான்றிதழ் கிடைத்தது. மூன்றாம் வருஷம் ஒருநாள் அவர் வந்து ரிசப்ஷனில் இரண்டு மணி நேரம் காத்திருந்தார். பழைய பில் மூன்று நிலுவை. நான் மீட்டிங்கில் இருந்தேன். பொய் இல்லை, உண்மையிலேயே மீட்டிங். வெளியே வந்தபோது அவர் எழுந்து நின்றார். தோளில் துண்டு இல்லை, கையில் பைல் இருந்தது. ஆனால் நின்ற விதம் எனக்குத் தெரிந்த விதம். "வர்ற மாசம் பாத்துடலாம் சார்" என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வசனம் என்பது உறைத்தது.

ஆறு மாதத்தில் அவர் பிரஸ்களை விற்றுவிட்டார். வேறு சப்ளையரைப் பிடித்து, மாதிரி செய்து, சோதித்து, ஒப்புதல் வாங்க நாலு மாதம். அதற்குள் விமானத்தில் கூடப் பாகம் வரவழைத்தோம். நான் மூன்று வருஷம் மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த விமானக் கூலியில் போயிற்று.

சட்டம் இல்லாமல் இல்லை. குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இலேயே வந்துவிட்டது. நான் பார்சலைப் பிரித்த அதே வருஷம். ஒப்பந்தத்தில் என்ன எழுதினாலும் சிறு தொழிலுக்கு 45 நாளைத் தாண்டிப் பணத்தை இழுக்கக்கூடாது. இழுத்தால் ரிசர்வ் வங்கி வீதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. வழக்குப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்தான். ஆனால் போட்டவனுக்கு அடுத்த ஆர்டர் வராது என்பதால் பெரும்பாலோர் வாயைத் திறப்பதில்லை. வருமான வரிச் சட்டத்தில் 43பி(ஹெச்) என்ற பிரிவு 2023-24 நிதியாண்டிலிருந்து நடைமுறைக்கு வந்தது. சட்டம் சொன்ன நாளைத் தாண்டி வைத்த பாக்கியை, பணம் கொடுக்கிற வருஷம்வரை செலவாகக் காட்ட முடியாது. அதன்பிறகுதான் பல அக்கவுண்ட்ஸ் துறைகளுக்குச் சின்ன சப்ளையர்களின் முகம் ஞாபகம் வந்தது. மனசாட்சி செய்யாததை மார்ச் 31 செய்தது.

தேர்வுக்காக டெண்டர் விதிகளைப் படித்த நாளில் ஒரு வேடிக்கை நடந்தது. தமிழ்நாட்டில் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. ஒப்பந்தப்புள்ளியை விண்ணப்பித்தவர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும், படித்துக் காட்ட வேண்டும் என்பது அதன் கீழ் உள்ள நடைமுறை. படித்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தவன் உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டேன். பள்ளிக்கூடத்தில் குடவோலை என்று ஐந்து மதிப்பெண்ணுக்குப் படித்தது, சிறுவயதில் நாங்கள் சாய்ந்து விளையாடிய சுவர். முதலாம் பராந்தக சோழன் காலம், 919இலும் 921இலும் வெட்டிய சாசனங்கள். ஊர்ச்சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதி அதில் இருக்கிறது. குடும்பு என்ற வார்டுகள் முப்பது, ஓலையில் பெயர், குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். அந்த ஓலையை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். விரலிடுக்கில் வேறு ஓலை இருந்துவிடக் கூடாதாம். டெண்டர் பெட்டிக்கு இதைவிடத் துல்லியமான விதியை எந்தப் பாடநூலிலும் நான் பார்க்கவில்லை.

ஏரி வாரியம், தோட்ட வாரியம், பொன் வாரியம் எதிலாவது இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடி வரக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவன் அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன், சகோதரி கணவன் என்று ஒரு பட்டியலே விலக்கப்படுகிறது. அந்தச் சபையில் எல்லாருக்கும் இடமிருந்தது என்று பெருமை பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கால்வேலி நிலமும் வேதக் கல்வியும் வேண்டும். என் பாட்டனார் பெயர் எந்தக் குடத்திலும் விழுந்திருக்காது. ஆனால் கணக்கு விஷயத்தில் அவர்கள் கெட்டிக்காரர்கள். என் தங்கை கணவர் வேன் வாங்கி, எங்கள் கம்பெனியில் டிரிப் பிடித்துத் தரச் சொன்னபோது, "கொட்டேஷன் போடுங்க மாப்ள, ஆனா நான் அந்த பைலைத் தொடமாட்டேன்னு எழுதிக் கொடுத்துடுவேன்" என்றேன். இரண்டு பொங்கலுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. கல்வெட்டுப் பட்டியலில் அவரும் இருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தேன், எடுபடவில்லை.

இப்போது ஊரில் பையன்கள் கேட்கிறார்கள், எந்தப் படிப்பு நல்லது அண்ணே என்று. நான் படித்தது இந்திய வேலைக்குப் போதும். வளைகுடா, சிங்கப்பூர் என்று போகிறவர்களுக்கு இங்கிலாந்தின் சி.ஐ.பி.எஸ். 1932இல் கொள்முதல் அலுவலர்கள் சங்கமாகத் தொடங்கி 1992இல் அரச சாசனம் பெற்ற அமைப்பு அது. நிலை 4, 5, 6 என்று மூன்று டிப்ளமோ முடித்து, மூன்று வருஷ அனுபவமும் காட்டினால்தான் பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொள்ளலாம். கட்டணம் பவுண்டில். கம்பெனி கட்டும் என்றால் படியுங்கள். கடன் வாங்கிப் படிக்க வேண்டாம், முதலில் ஸ்டோர்ஸில் சேருங்கள்.

நான் 2022இல் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிட்டேன். அப்பா இல்லை. நெல் இருக்கிறது. போன பங்குனிக்கு முன்னால் ஊரில் இருபத்திரண்டு பேர் சேர்ந்து தார்ப்பாய் வாங்கினோம். தனித்தனியே வாங்கினால் கடைக்காரர் சொல்வதுதான் விலை. சேர்ந்தால் நாம் சொல்வதையும் கேட்பார். அளவு, கனம், ஓரத்துத் துளை எத்தனை என்று ஒரு தாளில் எழுதி மூன்று கடைக்குக் கொடுத்தோம். மூடிய உறைகளைப் பள்ளிக்கூட ஆலமரத்தடியில் எல்லார் முன்னிலையிலும் பிரித்தோம். ஒரு பெரியவர், "வெரலை விரிச்சு வாங்குடா" என்று கிண்டல் செய்தார், விரித்தேன். சரக்கு வந்த ஏழாம் நாள் கடைக்காரர் கையில் முழுப்பணம். அவர் எண்ணிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சீக்கிரம் யாரும் கொடுத்ததில்லப்பா" என்றார். இருபத்திரண்டில் ஒன்று ஓரம் கிழிந்து வந்திருந்தது. மறுநாளே மாற்றிக் கொடுத்துவிட்டார்.